நெடும்பயண பைக்குக்கு ஏற்றி இறக்கக்கூடிய விண்ட்ஷீல்டு: வீட்டுப் பட்டறையில் உருவான ஒரு வடிவமைப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டுச் சமவெளியில் நெடும்பயணம் போகிறவருக்கு ஒரே உயரத்தில் நிலைத்து நிற்கும் விண்ட்ஷீல்டு, அதாவது ஓட்டுபவருக்கு முன்னால் நின்று காற்றைத் தடுக்கும் கண்ணாடி, பொருந்துவதில்லை. சித்திரை வெயிலில் மார்புக்குக் காற்று வராவிட்டால் விழுப்புரம் தாண்டுவதற்குள் உடல் சோர்ந்துவிடும். ஐப்பசி மழையிலோ அதே மார்பு மறைந்திருந்தால்தான் கை விறைக்காமல் திருச்சி வரை ஓட்ட முடியும். ஆனி, ஆடி மாதங்களில் வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வழியாக ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கும்போது தேவை மறுபடியும் மாறுகிறது, ஏனெனில் முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றும் அந்த மேலைக்காற்று தெற்கு நோக்கிப் போகும் வண்டியை வலப்பக்கத்திலிருந்து அறைகிறது. அங்கே பெரிய கண்ணாடி வண்டிக்குச் சுமையாகிவிடும். கடைகளில் கிடைக்கும் உயரமான விண்ட்ஷீல்டுகள் பெரும்பாலும் குளிர் நாட்டுப் பயணத்தை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவற்றின் சாயலிலேயே இருப்பதால், இந்த மூன்று தேவைகளையும் ஒரே பொருளில் தீர்க்க, நான் ஒரு விண்ட்ஷீல்டை வடிவமைத்துச் செய்தேன். அதன் கணக்குகளையும் முடிவுகளையும் முழுமையாகப் பதிவு செய்வதே இக்கட்டுரை.

வண்டி, 2016இல் அறிமுகமான 411 சி.சி. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். இந்த வண்டியைத் தேர்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. இதன் முகப்பு விளக்கும் முன்கண்ணாடியும் ஹேண்டில்பாரோடு திரும்புவதில்லை. டாங்கைச் சுற்றி முன்னோக்கி வரும் குழாய்ச் சட்டத்தில் அவை நிலையாகப் பொருத்தப்பட்டுள்ளன. காற்றுத் தடுப்பு எதுவானாலும் அதன் மேல் விழும் விசை எங்கே போய்ச் சேர்கிறது என்பதே பாதுகாப்பின் முதல் கேள்வி. ஹேண்டில்பாரில் மாட்டிய பெரிய கண்ணாடியில் விழும் ஒவ்வொரு காற்றடியும் நேராக ஸ்டியரிங்குக்குப் போகிறது. லாரியைக் கடக்கும்போது வண்டியின் முன்பகுதி ஆடுவது அதனால்தான். சட்டத்தில் மாட்டிய கண்ணாடியில் அதே அடி வண்டி முழுவதற்கும் பரவி, ஓட்டுபவரின் கைக்கு வராமல் போகிறது. 1971இல் அமெரிக்காவில் கிரெய்க் வெட்டர் அறிமுகப்படுத்திய விண்ட்ஜாமர் என்னும் முகப்பு உறை (ஃபேரிங்) வண்டிச் சட்டத்தில் பொருத்தப்பட்டதே. 1976இன் பி.எம்.டபிள்யூ. ஆர் 100 ஆர்.எஸ். வண்டியின் முழு முகப்பு உறையும் அப்படித்தான். அதன் வடிவம் இத்தாலியின் பினின்ஃபரினா காற்றுச்சுரங்கத்தில் சோதித்துத் தீர்மானிக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் வந்த அதே நிறுவனத்தின் கே 1100 எல்.டி. வண்டியில் மின்மோட்டாரால் ஏறி இறங்கும் கண்ணாடி இருந்தது. அவர்களுக்குக் கிடைத்த காற்றுச்சுரங்கம் நமக்குக் கிடைக்காது என்றாலும், விசையைச் சட்டத்துக்குக் கொண்டு சேர்ப்பது என்ற அடிப்படையை நம் பட்டறையிலும் கடைப்பிடிக்கலாம்.

ஹிமாலயனோடு வரும் கண்ணாடி சிறியது. மண்பாதையில் எழுந்து நின்று ஓட்டும் வண்டிக்கு அதுவே சரியான அளவு. முகத்துக்கு எதிரே உயரமான தகடு நிற்பது அங்கே ஆபத்து. ஆகவே புதிய கண்ணாடியும் தேவைப்படும்போது அந்தத் தாழ்ந்த நிலைக்கு வர வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்துக்கொண்டேன். அதோடு வேறு சில நிபந்தனைகளும் சேர்ந்தன. சட்டத்தில் எங்கும் வெட்டவோ துளையிடவோ பற்றவைக்கவோ கூடாது; பழைய கண்ணாடியை எந்த நேரமும் திரும்ப மாட்ட முடிய வேண்டும். உயரத்தையும் சாய்வையும் ஸ்பானர் இல்லாமல் கையாலேயே மாற்ற முடிய வேண்டும், ஆனால் வண்டி நின்றிருக்கும்போது மட்டுமே. ஓடும்போது சரிசெய்யும் வசதியை நான் வேண்டுமென்றே விலக்கினேன். ஒரு கையை விட்டுக் கண்ணாடியைத் திருகும் அந்த இரண்டு நொடியில் நடக்கக்கூடியதற்கு எந்தச் சொகுசும் ஈடாகாது.

விண்ட்ஷீல்டு செய்ய முனைகிறவர்களில் பலர் முதலில் கேட்பது எவ்வளவு உயரம் என்பதையே. இந்த வேலையில் உயரத்துக்கு நான் இரண்டாம் இடமே தருவேன். முதலிடம், தகட்டின் கீழ்விளிம்புக்கும் முகப்பு விளக்குக்கும் நடுவே விடும் இடைவெளிக்கு உரியது. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

வேகமாகப் போகும் தகட்டின் மேல்விளிம்பைத் தாண்டும் காற்று அங்கேயே தகட்டை விட்டுப் பிரிகிறது. தகட்டுக்குப் பின்னால், அதாவது ஓட்டுபவரின் மார்புக்கு முன்னால், காற்றழுத்தம் வெளியைவிடக் குறைந்துபோகிறது. அந்தக் குறையை நிரப்ப, மேலே போன காற்று கீழ்நோக்கி வளைந்து சுழல்களாக உடைந்து உள்ளே இறங்குகிறது. வேகக்காற்றுக்கும் அமைதிக் காற்றுக்கும் நடுவிலுள்ள அந்தக் கொந்தளிப்பான படலம் சரியாகத் தலைக்கவசத்தின் உயரத்தில் அமைந்துவிட்டால் தலை விடாமல் குலுங்கும், பார்வை அதிரும், முதுகுப்பக்கத்திலிருந்து யாரோ தள்ளுவதுபோல் இருக்கும். கண்ணாடியே இல்லாத வண்டியில் சீரான காற்று தலையைச் சீராக அழுத்துகிறது, அது கழுத்துக்குப் பழகிவிடும்; கொந்தளிப்பான காற்றுக்குக் கழுத்து பழகுவதில்லை. பெரிய கண்ணாடி மாட்டியும் தலைவலி கூடிவிட்டதாகச் சொல்கிறவர்களின் அனுபவம் இதுதான். கீழே ஓர் இடைவெளி விட்டால், அதன் வழியே நுழையும் காற்று தகட்டின் பின்புறம் ஏறி, அங்கே குறைந்துபோன அழுத்தத்தை ஓரளவு ஈடுகட்டுகிறது. மேலே போகும் காற்று அப்போது அவ்வளவு வேகமாக உள்ளே மடிவதில்லை. கொந்தளிப்புப் படலம் நிமிர்ந்து தலைக்கு மேலே செல்கிறது. நம் வெயிலுக்கு இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: மார்புக்கு மிதமான காற்றோட்டம் எப்போதும் கிடைக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்காமல் பாலிகார்பனேட் (எளிதில் சிதறாத, ஒளிபுகும் பிளாஸ்டிக்) ஷீட்டில் பணத்தைப் போடக் கூடாது என்பதால், பெயர்ப்பலகைக் கடைகளில் கிடைக்கும் சன்போர்டு என்னும் இலேசான 5 மி.மீ. பிளாஸ்டிக் பலகையில் மாதிரித் தகடுகளை வெட்டி, தற்காலிகக் கிளாம்புகளில் மாட்டிப் பார்த்தேன். சன்போர்டு ஒளிபுகாதது. எனவே மாதிரியின் மேல்விளிம்புக்கு மேலாகப் பார்த்து ஓட்டும் உயரத்தில் மட்டுமே அது பயன்படும்; போக்குவரத்தில்லாத சாலையில், பகலில், மிதமான வேகத்தில் மட்டுமே சோதிக்க வேண்டும். தகட்டின் பின்புறத்திலும் தலைக்கவசத்திலும் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டியிருந்தேன். இணையாக வந்த வண்டியின் பின்னிருக்கையிலிருந்து எடுத்த காணொளியில் அந்த நூல்கள் எங்கே நேராகப் படிகின்றன, எங்கே துடிக்கின்றன என்பது தெளிவாகத் தெரிந்தது. கீழ் இடைவெளியை அகலமான டேப்பால் மூடியபோது தலைக்கவசத்தின் பக்கங்களில் இருந்த நூல்கள் எல்லாத் திசையிலும் துடித்தன. டேப்பை எடுத்து 35 மி.மீ. இடைவெளி விட்டவுடன், அதே உயரத்தில், அதே வேகத்தில், அவை பின்னோக்கிப் படிந்தன. அதற்கு மேல் இடைவெளியைப் பெரிதாக்கியதில் குலுக்கல் குறையவில்லை, மார்பில் படும் காற்று மட்டும் கூடியது. இந்த ஒரு சோதனை வடிவமைப்பின் போக்கையே தீர்மானித்தது. தகடு முழுவதையும் மேலே ஏற்றினால் உயரமும் இடைவெளியும் சேர்ந்தே மாறுகின்றன. தாழ்த்தும்போது, இடைவெளி தேவைப்படும் நேரத்திலும் அது மூடிக்கொள்கிறது. இரண்டையும் பிரிக்க, தாழ்ந்த நிலையிலும் 35 மி.மீ. இருக்கும்படி தகட்டின் கீழ்விளிம்பை அமைத்து, மழைக்கும் குளிருக்கும் மட்டும் இடைவெளியை மறைக்க ஒரு தனிக் கீழ்ப்பட்டையைச் சேர்த்தேன்.

உயரத்தைப் பொறுத்தவரை என் நிலைப்பாடு உறுதியானது. விண்ட்ஷீல்டின் ஊடாகப் பார்த்து ஓட்டக் கூடாது, அதன் மேலாகப் பார்த்து ஓட்ட வேண்டும். நம் வண்டிகளுக்கு வைப்பர் கிடையாது. இரவில், மழையில், எதிரே வரும் விளக்கு ஒவ்வொரு நீர்த்துளியிலும் சிதறும்போது, எவ்வளவு நல்ல ஷீட்டானாலும் அதன் வழியே சாலை தெரியாது. வண்டியில் ஓட்டும் நிலையில் அமர்ந்தபோது என் கண்ணின் உயரம் தரையிலிருந்து சுமார் 1,540 மி.மீ.; தகட்டின் மேல்விளிம்பு கண்ணுக்கு 550 மி.மீ. முன்னால் வருகிறது. 12 மீட்டருக்கு அப்பாலுள்ள தரை மேல்விளிம்புக்கு மேலாகத் தெரிய வேண்டும் என்றால், பார்வைக்கோடு 12,000 மி.மீ. தூரத்தில் 1,540 மி.மீ. இறங்குகிறது, அதே விகிதத்தில் 550 மி.மீ. தூரத்தில் 70 மி.மீ. இறங்கும். ஆகவே மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு 70 மி.மீ. கீழே, தரையிலிருந்து 1,470 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இதை நடுநிலையாகக் கொண்டு, மண்பாதைக்கும் பக்கக்காற்றுக்கும் 60 மி.மீ. தாழ்த்தவும், கனமழையில் 20 மி.மீ. உயர்த்தவும் வகை செய்தால் மொத்த நகர்வு 80 மி.மீ. ஆகிறது. உயர்த்திய நிலையிலும் கண் தகட்டுக்கு மேலேயே இருக்கிறது. அருகிலுள்ள தரை மட்டும் மறைகிறது. ஓட்டுபவரின் உடலுயரமும் இருக்கையில் அமரும் விதமும் மாறினால் இந்த எண்கள் மாறும் என்பதால், செய்கிறவர்கள் தம் அளவை ஒருவர் துணையோடு சுவரோரம் வண்டியை நிறுத்தி எடுத்துக்கொள்ள வேண்டும். பயணச் சுமையோடு அமர்ந்து எடுப்பது நல்லது, ஏனெனில் பின்புற ஸ்பிரிங் அமுங்கும்போது கண்ணும் விளக்கும் கண்ணாடியும் சேர்ந்தே சாய்கின்றன.

தகட்டின் அளவு 450 மி.மீ. அகலம், 420 மி.மீ. நீளம். அகலத்தைக் கூட்டாததற்கு ஆரல்வாய்மொழிதான் காரணம். ஸ்டியரிங் அச்சுக்கு முன்னால், உயரத்தில், பக்கவாட்டுப் பரப்பைச் சேர்க்கச் சேர்க்க வண்டியின் மூக்கு காற்றடிக்கும் திசைக்கு விலகத் தொடங்கும். தோள் வரை சுற்றி வளைந்த ஆழமான கண்ணாடிகள் குளிரில் இதம் தரும், பக்கக்காற்றிலோ பாய்போல் வேலை செய்யும். இந்தத் தகட்டின் வளைவு ஆழம் சுமார் 37 மி.மீ. மட்டுமே.

இனி விசைக் கணக்கு. நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு நடுவணரசு 2018இல் அறிவித்த உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. ஆகும். ஆனால் தகட்டுக்கு வண்டியின் வேகம் தெரியாது, காற்றின் ஒப்பு வேகம்தான் தெரியும். 60 கி.மீ. எதிர்க்காற்றைச் சேர்த்தால் 140 கி.மீ. ஆகிறது, அதாவது நொடிக்கு 38.9 மீட்டர். 30 பாகை வெப்பத்தில் காற்றின் அடர்த்தியைக் கனமீட்டருக்கு 1.16 கிலோ எனக் கொண்டால், அடர்த்தியின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க 877 பாஸ்கல் அழுத்தம் கிடைக்கிறது. தகட்டின் சரிவைக் கணக்கில் எடுக்காமல், 0.189 சதுர மீட்டர் முழுவதும் காற்றுக்குச் செங்குத்தாக நிற்பதாகக் கொண்டால் விசை 166 நியூட்டன், ஏறக்குறைய 17 கிலோ எடை. காற்றில்லாத நேரத்தில் 80 கி.மீ. வேகத்தில் இதே தகட்டில் 54 நியூட்டன்தான் விழுகிறது. விசை வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால், அமைதியான காலையில் உறுதியாகத் தோன்றும் ஒரு பொருத்தி ஆடிக்காற்றில் மூன்று மடங்கு சுமையைச் சந்திக்கிறது. வீட்டில் செய்யப்படும் பல கண்ணாடிகள் தளர்ந்துபோவதற்குக் காரணம், அவற்றைச் செய்தவர் அமைதியான காற்றை மட்டுமே மனத்தில் வைத்துச் செய்தார் என்பதே.

பொருளாக 4 மி.மீ. பாலிகார்பனேட்டைத் தேர்ந்தேன். சென்னையில் பாரிமுனைப் பகுதிக் கடைகளில் அக்ரிலிக் ஷீட் எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும். பளபளப்பிலும் கீறல் தாங்குவதிலும் அக்ரிலிக்கே மேல். ஆனால் அது உடையும்போது கூரிய துண்டுகளாக உடைகிறது, உடையும் இடம் ஓட்டுபவரின் கழுத்துக்கு முன்னால். பாலிகார்பனேட் வளையும், பிதுங்கும், எளிதில் சிதறாது. இந்த ஒரு காரணத்துக்கு முன்னால் மற்ற ஒப்பீடுகள் எல்லாம் சிறியவை. 4 மி.மீ. தடிமனில் இந்த அளவுத் தகட்டின் எடை சுமார் 900 கிராம். வாங்கும்போது புற ஊதாக் கதிர்த் தடுப்புப் பூச்சு உள்ள ஷீட்டையே கேட்டு வாங்க வேண்டும். பூச்சு எந்தப் பக்கம் என்பது பொதுவாக மேலுறைத் தாளில் அச்சிடப்பட்டிருக்கும், அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். தாளை உரித்த பிறகு பக்கத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பதால், வெட்டி, துளையிட்டு, விளிம்பு தேய்த்து முடிக்கும் வரை தாளை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

பாலிகார்பனேட்டைச் சூடாக்கி வளைப்பதில் ஒரு தொல்லை உண்டு. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். சுமார் 120 பாகை வெப்பத்தில் மணிக்கணக்கில் உலர்த்தாமல் வளைக்கும் சூட்டுக்குக் கொண்டுபோனால் உள்ளே குமிழ்கள் எழும். சென்னையின் ஈரப்பதத்தில், ஹீட் கன் மட்டும் வைத்திருக்கும் வீட்டுப் பட்டறையில், இது ஆகாத வேலை. எனவே சூடாக்காமல் குளிர்நிலையிலேயே, ஒரே திசையில் மட்டும் வளைப்பது என்று தீர்மானித்தேன். ஒரே திசை வளைவில் பார்வைத் திரிபும் குறைவு. தடிமனைப்போல் 150 மடங்கு ஆரம் இருந்தால் குளிர் வளைப்புக்குப் போதுமான பாதுகாப்பு உண்டு, 4 மி.மீ.க்கு அது 600 மி.மீ. ஆகும். அந்த ஆரத்தில் தகட்டின் புறப்பரப்பில் நிலைக்கும் இழுதகைவு (பரப்பலகில் விழும் இழுவிசை) ஏறக்குறைய 8 மெகாபாஸ்கல்.

குளிரில் வளைத்த தகடு எப்போதும் நிமிரவே முயலும். அதை வளைத்தே வைத்திருக்கத் தேவையான திருப்புவிசை, 420 மி.மீ. நீளத்துக்கு, 8.8 நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வரிசை போல்ட்டால் ஒரு குறுகிய பட்டையில் இறுக்கினால் அந்தத் திருப்புவிசை முழுவதும் பட்டையின் சில மில்லிமீட்டர் அகலத்தில் விழுந்து, போல்ட்டை ஓயாமல் நூற்றுக்கணக்கான நியூட்டன் விசையில் இழுக்கும். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் தொடும் இடங்களை இரண்டாகப் பிரித்தேன். நடுக்கோட்டிலிருந்து 100 மி.மீ. தள்ளி ஒரு ரப்பர் மெத்தை தகட்டைப் பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளுகிறது, 200 மி.மீ. தள்ளி இரண்டு போல்ட்டுகள் விளிம்பைப் பின்னோக்கி இழுக்கின்றன. இடையிலுள்ள 100 மி.மீ. நெம்புகோலாக வேலை செய்வதால் பக்கத்துக்கு 88 நியூட்டன், ஒரு போல்ட்டுக்கு 44 நியூட்டன் போதும். எதிர்க்காற்றும் விளிம்பைப் பின்னோக்கியே தள்ளுகிறது என்பதால் காற்று வலுக்கும்போது போல்ட்டின் இழுவை கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. இந்த ஏற்பாடு எனக்கு மிகுந்த நிறைவைத் தந்த பகுதி.

சுமை இவ்வளவு குறைந்ததால் 5 மி.மீ. நைலான் போல்ட்டுகளைப் பயன்படுத்த முடிந்தது. விபத்தில் உடல் முன்னோக்கிப் பாயும்போது இரும்பு போல்ட் தகட்டைப் பிடித்துக்கொண்டே நிற்கும். நைலான் போல்ட் முறிந்து தகட்டை விட்டுவிடும். துளைகளின் விட்டம் 8 மி.மீ.; நடுவே ரப்பர் குரோமெட் (துளைக்குள் பொருந்தும் வளையம்). பாலிகார்பனேட் ஒரு மீட்டருக்கு, ஒரு பாகை வெப்ப ஏற்றத்துக்கு, சுமார் 0.07 மி.மீ. விரிகிறது. விடியற்காலையில் 25 பாகையில் இருக்கும் தகடு நண்பகல் வெயிலில் நிறுத்திய வண்டியில் 65 பாகையைத் தொட்டால் அகலம் 1.2 மி.மீ.க்கு மேல் கூடும். போல்ட்டோடு ஒட்டிய துளையில் அந்த விரிவுக்கு இடமில்லாமல் துளையின் விளிம்பிலிருந்து விரிசல் கிளம்பும். துளைக்கும் தகட்டின் ஓரத்துக்கும் நடுவே துளையின் இரு மடங்காவது இடம் விட வேண்டும். ஜிக்சாவில் நுண்பல் பிளேடைப் போட்டு நிதானமாக வெட்டி, விளிம்பை 220, 400, 600 எண் எமரி பேப்பரால் வரிசையாகத் தேய்த்து வழவழப்பாக்கினேன். இது அழகுக்காக மட்டும் செய்யும் வேலையன்று, பாலிகார்பனேட்டில் விரிசல் தொடங்குவதே விளிம்பிலுள்ள சிறு வெட்டுக்காயத்திலிருந்துதான்.

ஏற்றி இறக்கும் அமைப்பு இடமும் வலமும் ஒன்றுபோல் இருக்கிறது. குழாய்ச் சட்டத்தின் விட்டத்தை வெர்னியரால் அளந்து, லேத் பட்டறையில் அலுமினியக் கட்டையைத் துளைத்து இரண்டாகப் பிளந்த கிளாம்புகள் செய்யப்பட்டன. குழாய்க்கும் கிளாம்புக்கும் நடுவே பழைய டியூபின் ரப்பர்ப் பட்டை. அது பெயின்ட்டைக் காப்பதோடு அதிர்வையும் உள்வாங்குகிறது. கிளாம்பின் மேல் 5 மி.மீ. தடிமனுள்ள அலுமினிய நிலைத்தட்டு, அதில் 80 மி.மீ. நகர்வு தரும் காடி (நீண்ட துளை). காடியில் ஏறி இறங்கும் நகர்தட்டைப் பெரிய தலையுள்ள 6 மி.மீ. கைத்திருகு இறுக்குகிறது. நகர்தட்டின் கீழே 8 மி.மீ. போல்ட் அச்சில் தகட்டின் தாங்கி சாய்ந்து நிமிர்கிறது. இடது, வலது நகர்தட்டுகளை 16 மி.மீ. அலுமினியக் குழாய் ஒன்று குறுக்கே இணைக்கிறது. இது இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் தங்கித் தகடு முறுக்கிக்கொள்ளும். கைப்பேசி ஸ்டாண்டை மாட்டவும் அந்தக் குழாயே இடம் தருகிறது.

உயரத்தை வெறும் உராய்வாலும், சாய்வை ஊசியாலும் பூட்டியதற்குக் கணக்கே காரணம். கையால் 1.5 நியூட்டன் மீட்டர் அளவுக்குத் திருகினால் 6 மி.மீ. போல்ட்டில் ஏறக்குறைய 1,250 நியூட்டன் இறுக்கம் வருகிறது. உராய்வுக் கெழுவை 0.2 எனக் கொண்டால் தாங்கும் விசை 250 நியூட்டன். உயரத் திசையில் ஒரு பக்கத்துக்கு வரும் சுமை, காற்றின் கூறும் எடையும் சேர்த்து, 50 நியூட்டன் அளவே என்பதால் ஐந்து மடங்கு பாதுகாப்பு இருக்கிறது. சாய்வின் நிலைமை வேறு. காற்றின் மொத்த விசை தகட்டின் நடுவில், அதாவது அச்சிலிருந்து 150 மி.மீ. மேலே, விழுகிறது. பூட்டும் இடம் அச்சிலிருந்து 60 மி.மீ. தள்ளியிருந்தால் ஒரு பக்கத்துக்கு 207 நியூட்டன் வருகிறது. 250 நியூட்டன் உராய்வை நம்பி இதை விட்டால் ஒரு வலுவான காற்றடியிலோ எஞ்சின் அதிர்விலோ தகடு ஓட்டுபவரின் மேல் சாய்ந்துவிடும். எனவே 60 மி.மீ. ஆரத்தில், 8 பாகைக்கு ஒன்றாக, துளைகள் இட்டு, ஸ்பிரிங் பொருத்திய 5 மி.மீ. எஃகு ஊசி அதில் விழும்படி செய்தேன். துளைகளுக்கு இடையே 8.4 மி.மீ. தூரம், ஊசி போக 3.4 மி.மீ. அலுமினியம் எஞ்சுகிறது. செங்குத்திலிருந்து 22, 30, 38 பாகைகள் என மூன்று நிலைகள் கிடைக்கின்றன. ஊசியே தவறினாலும் தகடு மேலும் சாயாமல் இருக்க 38 பாகைக்குச் சற்றுப் பின்னால் ஒரு நிலையான தடை இருக்கிறது. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குச் சாய்க்கும்போது மேல்விளிம்பு ஏறத்தாழ 2 முதல் 3 செ.மீ. இறங்கும் என்பதால், சாய்வை மாற்றியவுடன் உயரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாட்டிய பின் செய்ய வேண்டிய சோதனைகளில் முதன்மையானது ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பார்ப்பது. மூன்று சாய்விலும், தாழ்ந்த உயரத்திலும் உயர்ந்த உயரத்திலும், பின்பார்வைக் கண்ணாடியின் தண்டு, பிரேக் ஹோஸ், கிளட்ச் கேபிள், கையுறை அணிந்த விரல் ஆகிய எதுவும் எங்கும் உரசக் கூடாது. முகப்பு விளக்கின் ஒளியைக் கீழ்ப்பட்டை மறைக்கக் கூடாது. மேல்விளிம்பு முழுவதும் ரப்பர் பீடிங் போட்டிருக்க வேண்டும். கருநிறப் பீடிங் இரவில் விளிம்பில் ஒளி தேங்குவதையும் குறைக்கிறது.

சாலையில் கிடைத்த முடிவுகளைச் சொல்கிறேன். காற்று எழுவதற்கு முந்தைய விடியற்காலையில், ஒரே சாலைப் பகுதியில், ஒரே தலைக்கவசத்தோடு, ஒரு தடவைக்கு ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றி ஓட்டியதில், 80 கி.மீ. வேகத்துக்கு நடு உயரமும் 38 பாகைச் சாய்வும் திறந்த இடைவெளியும் சேர்ந்த நிலையே சிறந்ததாக அமைந்தது. தோளிலிருந்து தாடை வரை காற்று தணிந்து, தலைக்கவசத்தின் நெற்றிப் பகுதியில் சீரான காற்று பட்டது. இரைச்சல் முற்றிலும் போகவில்லை, போகவும் போகாது. தலைக்கவசத்தின் இரைச்சல் பெரும்பாலும் கழுத்துப் பகுதியில் பிறப்பது. நெடும்பயணத்தில் காதடைப்பான் போட்டுக்கொள்வதை எந்த விண்ட்ஷீல்டும் தேவையற்றதாக்காது. உயர்ந்த நிலையும் மூடிய கீழ்ப்பட்டையும் மழையில் மார்பையும் வயிற்றையும் நன்றாகவே காத்தன, அதற்கு விலையாகத் தலை சற்றுக் குலுங்கியது. மழையில் 60 கி.மீ.க்கு மேல் போகத் தேவையில்லாததால் அது ஏற்கத்தக்கதே. ஆரல்வாய்மொழியில் தாழ்ந்த நிலையிலும் திறந்த இடைவெளியிலும் வண்டி தன் கோட்டில் நின்றது. அதே இடத்தில் உயர்த்தி ஓட்டியபோது, வலப்பக்க மலைச்சரிவு முடிந்து திறந்தவெளி தொடங்கும் இடங்களில் வண்டியைத் திருத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பகுதிக்குப் போகிறவர்கள் வள்ளியூரிலேயே தேநீருக்கு நிறுத்திக் கண்ணாடியைத் தாழ்த்திவிடுவது நல்லது.

பராமரிப்பில் ஒரு பொருளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், அது பெட்ரோல். நம் ஊர்ப் பட்டறைகளில் எதைத் துடைப்பதானாலும் பெட்ரோலில் நனைத்த வேஸ்ட் துணிதான் கைக்கு வரும். வளைந்து தகைவோடு நிற்கும் பாலிகார்பனேட்டில் பெட்ரோலோ தின்னரோ பட்டால் நுண்விரிசல்கள் தோன்றி, தகடு பால் படிந்ததுபோல் மங்கி, சில சமயம் துளையிலிருந்து விளிம்பு வரை பிளந்துவிடும். போல்ட் கழலாமல் இருக்க ஊற்றும் திரவப் பசையும் அதே கேட்டைச் செய்கிறது; ஆகவே தகட்டின் அருகில் எங்கும் அதைப் பயன்படுத்தாமல், உள்ளே நைலான் வளையம் கொண்ட நைலாக் நட்டுகளைப் போட்டிருக்கிறேன். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களும் வேண்டாம். சோப்பு நீரும் மென்மையான துணியும் போதும். ஒட்டிக் காய்ந்த பூச்சிகளின் மேல் ஈரத்துணியைச் சற்று நேரம் போட்டு ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும், தேய்த்தால் கீறல் விழும். சர்வீசுக்கு விடும்போது தகட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது என் வழக்கம், நான்கு போல்ட்டுதான்.

கடற்கரை ஊர்களில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் அலுமினியமும் தொடும் இடங்களில் உப்புக்காற்றால் அரிப்பு உண்டாகும் என்பதால் அங்கெல்லாம் கிரீஸ் தடவ வேண்டும், ஆனால் உராய்வால் பூட்டும் காடியின் முகங்களில் அது படக் கூடாது. நைலான் போல்ட்டுகள் வெயிலில் மெல்ல மெல்ல நொறுங்கும் தன்மையைப் பெறுகின்றன. ஆண்டுக்கு ஒரு முறை, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முன், நான்கையும் மாற்றி, குரோமெட்டுகளையும் துளையின் சுற்றுப்புறத்தையும் விளக்கொளியில் சாய்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளையாக ஒரு மயிரிழைக் கோடு தெரிந்தாலும் அந்தத் தகட்டை மாற்றிவிட வேண்டும். அளவுகள் எல்லாம் சன்போர்டு மாதிரியில் இருப்பதால் புதிதாக ஒன்றை வெட்டுவது ஒரு பிற்பகல் வேலைதான்.